கேள்வி பதில்: விண்மீனுக்கு விரைவுப் பயணம், வழியெல்லாம் ஆபத்து

சூரியனுக்கு அடுத்தபடியாக நமக்கு மிக அருகில் இருக்கும் விண்மீன் பிராக்ஸிமா சென்டாரி. 'அருகில்' என்றால் 4.24 ஒளியாண்டு. வினாடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் வாயேஜர்-1 விண்கலம் அவ்வளவு தூரம் போக ஏறத்தாழ 75,000 ஆண்டு ஆகும். ஒரு மனித ஆயுளுக்குள் போய்ச்சேர வேண்டுமானால் ஒளிவேகத்தில் 10 முதல் 20 சதவீதமாவது தேவை. அந்த வேகத்தில் கலத்துக்கு என்ன ஆகும் என்று கேட்டு வந்த கேள்விகள் இந்த மாதம்.

கேள்வி: விண்வெளிதான் வெற்றிடமாயிற்றே! அங்கே எவ்வளவு வேகமாகப் போனால் என்ன, மோதுவதற்கு என்ன இருக்கிறது?

வெற்றிடம்தான். ஆனால் சுத்தமாகக் காலி இல்லை. நாம் சுவாசிக்கும் காற்றில் ஒரு கன செ.மீ.க்கு 2.7 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். விண்மீன்களுக்கு நடுவே அதே அளவு இடத்தில் சராசரியாக ஒரே ஒரு அணு. நம் சூரியனைச் சுற்றியுள்ள பகுதி அதைவிடவும் வறண்டது. வாயேஜர்-1 சூரியக் காற்றின் (சூரியனிலிருந்து வீசும் துகள் ஓட்டம்) எல்லையை 2012 ஆகஸ்ட்டில் தாண்டிய பிறகு அளந்த எலக்ட்ரான் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.08 அளவில்தான் இருந்தது. கணக்குக்கு வசதியாக, கன செ.மீ.க்கு பத்தில் ஒரு அணு என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது தூரத்தைப் பெருக்குங்கள். 4.24 ஒளியாண்டு என்பது 40 லட்சம் கோடி கி.மீ. கலத்தின் முகப்பில் ஒவ்வொரு சதுர செ.மீ.யும் வழியில் 4,000 கோடி கோடி அணுக்களைச் சந்தித்தே ஆக வேண்டும். மெதுவாகப் போனாலும் இதே எண்ணிக்கைதான், வேகமாகப் போனாலும் இதேதான். மழையில் தெருவைக் கடப்பவர் நடந்தாலும் ஓடினாலும் மார்பில் படும் துளிகள் ஒன்றுதான் என்பதுபோல. மாறுவது ஒவ்வொரு அடியின் பலம்.

வாயேஜரின் வேகத்தில் ஒரு ஹைட்ரஜன் அணு மோதும் ஆற்றல் சுமார் 1.5 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவிலான ஆற்றலின் அலகு), ஒன்றுமே இல்லை. ஒளிவேகத்தில் 10 சதவீதத்தில் அது 47 லட்சம் எலக்ட்ரான் வோல்ட். 20 சதவீதத்தில் 1.93 கோடி. 50 சதவீதத்தில் 14.5 கோடி. 90 சதவீதத்தில் 121 கோடி. அதாவது, சும்மா மிதந்துகொண்டிருக்கும் வாயுவே துகள் முடுக்கியிலிருந்து வரும் கற்றையாகிவிடுகிறது. கலம் நிற்கிறது, கற்றை வந்து அடிக்கிறது என்று நினைத்துக்கொண்டால் மற்ற பதில்கள் எல்லாம் சுலபமாகப் புரியும்.

கேள்வி: அப்படியானால் முகப்பு சூடாகி உருகிவிடாதா?

20 சதவீத வேகத்தில் உருகாது. மேலே சொன்ன அடர்த்தியில் முகப்பில் விழும் ஆற்றல் சதுர மீட்டருக்கு சுமார் 19 வாட். பூமிக்கு வெளியே வெயில் தருவது 1,361 வாட். 50 சதவீத வேகத்தில்கூட 400 வாட் அளவுதான். 90 சதவீதத்தில் அது 12,000 வாட்டைத் தொடும். அடர்த்தி பத்து மடங்கான ஒரு வாயு மேகத்துக்குள் புகுந்துவிட்டால் 1.2 லட்சம் வாட். அப்போது சாதாரண உலோகம் தாங்காது.

வெப்பத்தைவிடப் பெரிய தலைவலி உள்ளே நடக்கிறது. 20 சதவீத வேகத்தில் ஒரு புரோட்டான் (ஹைட்ரஜன் அணுவின் கரு) அலுமினியத்துக்குள் சுமார் 2 மி.மீ. வரை துளைத்துக்கொண்டு போய் நிற்கும். பரப்பைச் சுரண்டுவதோடு நிற்பதில்லை. ஆழத்தில் போய்த் தங்கிவிடுகிறது. பத்து ஹைட்ரஜனுக்கு ஒன்று என்ற கணக்கில் கூடவே ஹீலியமும் வருகிறது. ஹீலியம் அணு நான்கு மடங்கு கனம், மின்னூட்டம் இரண்டு மடங்கு. இரண்டும் ஒன்றையொன்று சமன்செய்து, அதுவும் அதே 2 மி.மீ. ஆழத்தில் நிற்கிறது. விளைவு, இரண்டு வாயுவும் ஒரே மெல்லிய அடுக்கில் சேர்கின்றன. ஹீலியம் உலோகத்தில் கரையாது. குமிழிகளாகத் திரளும், குமிழிகள் ஒன்றோடொன்று சேரும், மேலே உள்ள தோல் கொப்புளம்போல உப்பும், பிறகு தகடு தகடாக உரியும். கவசத்தின் கனத்தை மட்டும் பார்த்து 'இது போதும்' என்று முடிவு செய்வது இதனால்தான் தவறு. வாயு வெளியேறவும் வழி இருக்க வேண்டும். நுண்துளை உள்ள கிராஃபைட் இதில் இறுக்கமான உலோகத் தகட்டைவிட மேல்.

கேள்வி: தூசிதான் மிகப் பெரிய ஆபத்து என்கிறார்களே, உண்மையா?

ஆம், 10 சதவீத வேகத்தைத் தாண்டினால் தூசிதான் முதல் எதிரி. விண்மீன்களுக்கு இடையே உள்ள பொருளில் எடைக்கு ஏறத்தாழ ஒரு சதவீதம் தூசி. பெரும்பாலும் கார்பனும் சிலிக்கேட்டும். மைக்ரானில் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.யில் ஆயிரத்தில் ஒன்று) பத்தில் ஒரு பங்கு அளவுள்ள துணுக்குகள் அதிகம்.

20 சதவீத வேகத்துக்கு ஆற்றல் கணக்கு இது. ஆரம் 0.1 மைக்ரான் துணுக்கு: 0.023 ஜூல். 1 மைக்ரான்: 23 ஜூல். 10 மைக்ரான்: 23,000 ஜூல், ஒரு ரைபிள் தோட்டா சுமார் 3,000 ஜூல்தான் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். ஒரு மில்லிகிராம் மணல்பொடி வந்தால் 440 கிலோ டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம். ஒரு கிராம் கூழாங்கல் என்றால் 440 டன். ஆரம் பத்து மடங்கானால் எடை ஆயிரம் மடங்கு, ஆற்றலும் ஆயிரம் மடங்கு. நல்லவேளையாக, அளவு பெரிதாகப் பெரிதாகத் துணுக்குகளின் எண்ணிக்கை மளமளவென்று குறைகிறது. கலத்தையே சிதறடிக்கும் ஒன்றைச் சந்திக்கும் வாய்ப்பு சிறிய கலத்துக்கு மிகக் குறைவு.

ஆக, தினசரி சேதம் சின்னத் துணுக்குகளால்தான். பிராக்ஸிமா வரையிலான பாதையில் சதுர செ.மீ.க்கு அவை லட்சக்கணக்கில் வரும். ஒவ்வொன்றும் சில பத்து மைக்ரான் அகலத்துக்கு ஒரு குழி பறிக்கும். குழிமேல் குழி விழுந்து பரப்பு தேய்ந்துகொண்டே போகும். ஏவி லோப் உள்ளிட்ட வானியலாளர்கள் 2017-இல் வெளியிட்ட கணக்கின்படி, 20 சதவீத வேகத்தில் பிராக்ஸிமாவின் அண்டை விண்மீனான ஆல்ஃபா சென்டாரி வரை போகும் கலத்தில் வாயுவில் உள்ள கனமான அணுக்கள் 0.1 மி.மீ. ஆழம் வரையும், தூசி அரை மி.மீ. ஆழம் வரையும் சேதம் செய்யலாம். ஆகவே முகப்பில் சில மி.மீ. கிராஃபைட் வைக்கச் சொல்கிறார்கள். அரை மி.மீ.க்கு அரை மி.மீ. வைத்தால் போதாதா என்று கேட்காதீர்கள். தேய்மானம் சீராக இருக்காது. ஒரே இடத்தில் இரண்டு பெரிய துணுக்கு விழுந்தால் அங்கே ஓட்டை.

கேள்வி: தடிமனான ஒரே கவசமா, மெல்லியதாகப் பல அடுக்கா? எது நல்லது?

இடைவெளி விட்ட அடுக்குகள். செயற்கைக்கோள்களில் விண்கற்களைச் சமாளிக்கப் பயன்படும் விப்பிள் கவசத்தின் அதே கொள்கை. முன்னால் சில மைக்ரான் கனத்தில் ஒரு தாள், பிறகு நல்ல இடைவெளி, அதன் பின்னால் தடிமனான தடுப்பு. தூசித் துணுக்கு தாளில் பட்டதும் அதன் எலக்ட்ரான்கள் உரிந்துபோகின்றன. மிச்சம் இருப்பது நேர்மின்னூட்டம் கொண்ட அணுக்களின் கூட்டம். அவை ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு சிதறும். ஊசிமுனையில் இறங்கவேண்டிய அடி, பின் தகட்டில் அகலமாகப் பரவி விழுகிறது. குழிக்குப் பதில் கொஞ்சம் சூடு, அவ்வளவுதான். இடைவெளி அதிகமாக அதிகமாகப் பலனும் அதிகம். ஆனால் முன் தாள் நாளடைவில் சல்லடையாகும். எனவே சுருளாகச் சுற்றி வைத்து, தேயத் தேயப் புதிய பகுதியை நகர்த்துகிற ஏற்பாடு இருந்தால் நல்லது.

கவசம் கலத்தோடு ஒட்டி இருக்கவேண்டிய அவசியமும் இல்லை. எல்லாத் துகளும் கிட்டத்தட்ட இணையாகவே வருவதால், கவசத்தின் நிழல் நெடுந்தூரம் நீளும். நம்மைச் சுற்றியுள்ள வாயு மேகத்தில் ஹைட்ரஜன் அணுக்களின் சொந்த வேகம் வினாடிக்கு 10 கி.மீ. அளவு, கலத்தின் வேகம் 60,000 கி.மீ. ஆகவே கவசத்தை 1 கி.மீ. முன்னால் பறக்கவிட்டால், விளிம்பில் சுற்றிலும் 20 செ.மீ. கூடுதலாக இருந்தால் போதும். ஒரு நுணுக்கம்: நம்மைச் சுற்றியுள்ள மேகமே சூரியனைப் பொறுத்து வினாடிக்கு 26 கி.மீ. வேகத்தில் நகர்கிறது. பயணத் திசையைப் பொறுத்து, கவசம் நேர் முன்னால் நிற்காமல் 1 கி.மீ.க்கு 40 செ.மீ. வரை ஒருபக்கமாக விலகி நிற்க வேண்டியிருக்கும். இதை மறந்தால் கலத்தின் ஒரு ஓரம் நிழலுக்கு வெளியே கிடக்கும்.

பழைய வடிவமைப்பு ஒன்றையும் சொல்லிவிடலாம். பிரிட்டிஷ் இன்டர்பிளானட்டரி சொசைட்டி 1973 முதல் 1978 வரை வரைந்த டீடலஸ் திட்டம்: 12 சதவீத வேகம், 5.9 ஒளியாண்டு தொலைவில் உள்ள பர்னார்டு விண்மீன். முகப்பில் 7 மி.மீ. பெரிலியம் தகடு, எடை 50 டன் வரை. பெரிலியத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எடை குறைவு, ஆவியாக்க ஏராளமான வெப்பம் வேண்டும் என்ற இரண்டும். போய்ச்சேரும் இடத்தில் பெரிய துகள்களை எதிர்கொள்ள, கலத்துக்கு 200 கி.மீ. முன்னால் செயற்கையாக ஒரு தூசி மேகத்தைப் பரப்பும் துணைக்கலங்களும் உண்டு. எதிரில் வருவது அந்த மேகத்தில் மோதி ஆவியாகிவிட வேண்டும் என்பது கணக்கு. ஐம்பது ஆண்டு ஆகியும் இதைவிட நல்ல யோசனை அதிகம் வந்துவிடவில்லை.

கேள்வி: ரேடாரில் பார்த்து ஒதுங்கிப்போக முடியாதா? அல்லது லேசரால் சுட்டுவிடலாமே?

10 லட்சம் கி.மீ. முன்னால் ஒரு பொருளைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 20 சதவீத வேகத்தில் கையில் இருப்பது 17 வினாடிக்கும் குறைவு. அதற்குள் பத்து மீட்டர் பக்கவாட்டில் நகர புவியீர்ப்பில் நூறில் ஒரு பங்கு முடுக்கம்கூடத் தேவையில்லை, ஒதுங்குவது சுலபம். பார்ப்பதுதான் முடியாது. அவ்வளவு தூரத்தில் 1 மி.மீ. மணலைப் பிரித்தறிய எந்த ரேடாரும் தொலைநோக்கியும் கிடையாது. 10,000 கி.மீ.யில் தெரிந்தால் ஆறில் ஒரு வினாடிதான் மிச்சம். கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிய கற்களோ அபூர்வத்திலும் அபூர்வம். லேசருக்கும் இதே பதில்தான்: குறிவைக்க முதலில் இலக்கு தெரிய வேண்டும்.

கேள்வி: பூமிக்கு இருப்பதுபோல ஒரு காந்தக் கவசம் வைத்துவிட்டால்?

பாதி வேலை செய்யும். 20 சதவீத வேகத்தில் வரும் புரோட்டானை 1 டெஸ்லா (காந்தப்புல வலிமையின் அலகு) காந்தப்புலம் 64 செ.மீ. ஆர வட்டத்தில் வளைத்துவிடும். மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) வளையங்களால் இது எட்டாத இலக்கு அல்ல.

சிக்கல் வேறு. நம் பக்கத்து மேகத்தில் ஹைட்ரஜனின் பெரும்பகுதி மின்னூட்டம் இல்லாத முழு அணுவாகவே இருக்கிறது. காந்தம் அதைக் கண்டுகொள்ளாது. எனவே முன்னால் ஒரு மெல்லிய தாளை வைத்து எலக்ட்ரானை உரித்து, பிறகு காந்தத்தால் ஒதுக்க வேண்டும். தூசியை இது ஒன்றும் செய்யாது. அதன் எடைக்கு மின்னூட்டம் மிகச் சொற்பம். நேராக வந்து அடிக்கும். ஆக, காந்தம் இருந்தாலும் கிராஃபைட்டை இறக்கிவைக்க முடியாது.

கேள்வி: மனிதர்கள் போவதாக இருந்தால்? புவியீர்ப்புக்குச் சமமான முடுக்கத்தில் போனால் மூன்றரை ஆண்டில் போய்விடலாம் என்று படித்தேன்.

கணக்கு சரி. பாதித் தூரம் முடுக்கி, பாதித் தூரம் வேகம் குறைத்தால் பிராக்ஸிமாவுக்குக் கலத்தின் கடிகாரப்படி 3.5 ஆண்டு, பூமியில் 5.9 ஆண்டு. நடுவழியில் வேகம் ஒளிவேகத்தில் 95 சதவீதத்தைத் தொடும். எரிபொருளை ஒதுக்கிவைத்தாலும், உயிரோடு போய்ச்சேர முடியுமா என்பதுதான் கேள்வி.

50 சதவீத வேகத்தையே எடுத்துக்கொள்வோம். கவசம் இல்லாமல் முகப்பில் இருப்பவருக்கு வினாடிக்கு ஒன்றரை கிரே (உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அலகு) கதிர்வீச்சு. சிகிச்சை இல்லாவிட்டால் உயிரைப் பறிக்கும் அளவு உடல் முழுக்க 4 முதல் 5 கிரே. மூன்று வினாடி! அந்த வேகத்துப் புரோட்டான்களை நிறுத்த 15 செ.மீ. தண்ணீர் போதும். ஆனால் அவற்றில் ஒரு சிறு பகுதி தண்ணீரின் அணுக்கருவோடு மோதி நியூட்ரான்களைக் கிளப்பும். வரும் புரோட்டான்கள் சதுர செ.மீ.க்கு வினாடிக்கு 170 கோடி என்பதால், அந்தச் சிறு பகுதியே ஆளைக் கொன்றுவிடும். எனவே 15 செ.மீ. என்று நிறுத்தாமல் மீட்டர் கணக்கில் வைக்க வேண்டும், அல்லது அடுக்குக் கவசம் பற்றிய பதிலில் சொன்னதுபோல கவசத்தைத் தள்ளி நிறுத்தி நியூட்ரான்களைச் சிதறவிட வேண்டும். 90 சதவீதத்தில் புரோட்டானை நிறுத்தவே 4 மீட்டர் தண்ணீர். எங்கள் கருத்தில், மனிதர் போகும் கலம் 20 சதவீதத்துக்கு மேல் யோசிக்க இப்போதைக்கு இடமில்லை.

மெதுவாகப் போனாலும் அண்டக் கதிர்கள் (விண்வெளியெங்கும் பாயும் அதிவேகத் துகள்கள்) விடாது. அவை எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் முகப்புக் கவசம் உதவாது. நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி 2011-12-இல் செவ்வாய்க்குப் போன வழியில் அளந்தது நாளொன்றுக்கு சுமார் 1.8 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சு உடலுக்குச் செய்யும் கேட்டை அளக்கும் அலகு). நாசா ஒரு விண்வெளி வீரரின் முழுப் பணிக்காலத்துக்கும் வைத்திருக்கும் வரம்பு 600 மில்லிசீவர்ட். ஓர் ஆண்டுக்குள் தீர்ந்துவிடும். 20 சதவீத வேகத்தில் ஆகும் 21 ஆண்டுப் பயணத்தில் 14 சீவர்ட் சேரும். இதுவும் சூரிய மண்டலத்துக்குள் அளந்த கணக்கு. வெளியே சூரியக் காற்றின் குடை இல்லாததால் இன்னும் அதிகம்.

கேள்வி: நேரம் மெதுவாக ஓடும் என்கிறார்களே, அதனால் ஆபத்து குறையாதா?

20 சதவீத வேகத்தில் 21 ஆண்டுப் பயணத்தில் மிச்சமாவது ஐந்து மாதம். அண்டக் கதிர் அந்த அளவு குறையும். மோதும் அணுக்களின் எண்ணிக்கை ஒன்றுகூடக் குறையாது.

கேள்வி: மிக வேகமாகப் போனால் பிரபஞ்சப் பின்னணிக் கதிர்வீச்சே (பெருவெடிப்பின் மிச்சம்) காமா கதிராக மாறிப் பொசுக்கிவிடும் என்பது?

பயப்படத் தேவையில்லை. 90 சதவீதத்தில்கூட 2.73 கெல்வின் கதிர்வீச்சு முன்பக்கம் 12 கெல்வினாகத் தெரியும், அவ்வளவுதான். 99 சதவீதத்தில் 38 கெல்வின். வாயு அதற்கு எவ்வளவோ முன்பே வேலையை முடித்திருக்கும். விண்மீன் ஒளி மட்டும் மாறும்: 90 சதவீதத்தில் எதிரிலிருந்து வரும் பச்சை ஒளி புற ஊதாவாகிவிடும், முன்பக்கக் கேமராக்களை அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேள்வி: 2016-இல் அறிவித்த ஸ்டார்ஷாட் திட்டத்தில் கிராம் கணக்கில்தானே கலம்? அதற்கு எப்படிக் கவசம்?

திருப்பி வைப்பதுதான் கவசம். 100 ஜிகாவாட் லேசர் 4 மீட்டர் பாய்மரத்தை (ஒளி தள்ளும் மெல்லிய தாள்) தள்ளி 20 சதவீத வேகத்துக்குக் கொண்டுபோகும். தள்ளும் நேரம் நிமிடக் கணக்கு. அதன் பிறகு பாய்மரம் முகம் காட்டிக்கொண்டு போனால் 10,000 கோடி அளவில் தூசித் துணுக்குகளை வாங்கிக்கட்டிக்கொள்ளும். எனவே விளிம்பு முன்னால் வருமாறு திருப்பிவிட வேண்டும். கலமாக இருக்கும் மின்னணுச் சில்லும் (சிப்) அப்படியே: குச்சிபோல நீளமாக்கி, முனையில் மட்டும் கிராஃபைட். ஒரு மூலையில் பெரிய துணுக்கு அடித்தால் கலம் சுழலத் தொடங்கி, மெல்லிய பக்கத்துக்குப் பதில் அகலப் பக்கம் முன்னால் வந்துவிடும். அதன்பின் சேதம் பல மடங்கு. ஆகவே நோக்குநிலையைத் திருத்தும் சிறிய உந்துவிசையும் கூடவே போக வேண்டும். ஒன்றுக்குப் பதில் நூற்றுக்கணக்கில் அனுப்புவது இதற்கான காப்பீடு.

கேள்வி: போய்ச்சேர்ந்த பிறகு எப்படி நிறுத்துவது?

ராக்கெட்டால் என்றால் கணக்கே பயமுறுத்தும். எஞ்சினிலிருந்து பொருள் பின்னால் பாயும் வெளியேற்ற வேகம் வினாடிக்கு 10,000 கி.மீ. (டீடலஸின் அணுக்கரு இணைவு எஞ்சினுக்கு ஏறக்குறைய இதுதான்) என்றால், 60,000 கி.மீ. வேகத்தை எட்ட, புறப்படும்போது எடை மீதமுள்ள கலத்தைப்போல 403 மடங்கு இருக்க வேண்டும். நிறுத்தவும் அதே எஞ்சின் என்றால் 403-ஐ 403-ஆல் பெருக்குங்கள்: 1.6 லட்சம் மடங்கு. டீடலஸ் நிற்காமலே கடந்துபோவதாகத் திட்டமிட்டதன் காரணம் இதுதான்.

இன்னொரு வழி, பகையையே பிரேக்காக்குவது. நூறு கி.மீ. அளவில் ஒரு மீக்கடத்திக் கம்பி வளையத்தை விரித்து மின்சாரம் பாய்ச்சினால், அதன் காந்தப்புலம் எதிரே வரும் அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) ஒதுக்கித்தள்ளும். கலம் வேகம் இழக்கும். எரிபொருள் வேண்டாம், ஆனால் பல பத்தாண்டு பிடிக்கும். எங்காவது ஒரு துணுக்கு கம்பியை அறுத்தால் வளையம் முழுக்க மின்னோட்டம் நின்றுபோகும். ஆகையால் ஒற்றைக் கம்பிக்குப் பதில் குறுக்கிணைப்பு போட்ட பல இழைகள்.

கேள்வி: நிற்காமல் கடந்துபோனால் எவ்வளவு நேரம் பார்க்கக் கிடைக்கும்? குறி தப்பினால்?

பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள 15 கோடி கி.மீ.யை 20 சதவீத வேகத்தில் 42 நிமிடத்தில் தாண்டிவிடலாம். கோளுக்கு அருகில் படம் எடுக்கக் கிடைப்பது வினாடிகள். குறி இன்னும் கடினம். புறப்படும் திசையில் ஒரு ஆர்க்செகண்ட் (ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) பிசகினால், அங்கே போகும்போது 19 கோடி கி.மீ. தள்ளிப்போயிருப்போம். பிராக்ஸிமாவும் வானத்தில் ஆண்டுக்கு 3.86 ஆர்க்செகண்ட் நகர்வதால், இன்று தெரியும் இடத்தைக் குறிவைக்காமல் முன்தள்ளிக் குறிவைக்க வேண்டும். வழிகாட்ட விண்மீன்களைப் பார்க்கும் கேமராவுக்கும் ஒரு திருத்தம் உண்டு. 20 சதவீத வேகத்தில் சரியாகப் பக்கவாட்டில் உள்ள விண்மீன் 90 பாகையில் தெரியாது, 78.5 பாகையில், முன்னால் நகர்ந்து தெரியும். மென்பொருளில் இதைச் சேர்க்காவிட்டால் கலம் தன் நிலையைத் தவறாக நினைத்துத் திரும்பும். திரும்பினால் கவசமும் திரும்பிவிடும்.

கடைசி ஒளி-நிமிடங்களில் இன்னொரு எச்சரிக்கை. விண்மீனைச் சுற்றிக் கோள்கள் இருக்கும் தளத்தில் தூசி அதிகம் இருக்க வாய்ப்பு உண்டு. பாதையை அந்தத் தளத்துக்குள் நெடுக ஓடவிடாமல், அதைச் செங்குத்தாக ஒருமுறை மட்டும் வெட்டிக் கடக்குமாறு அமைப்பது நல்லது. படத்தின் கோணம் கொஞ்சம் வசதிக்குறைவாக இருக்கும், கலம் மிஞ்சும்.